[கலைச்சொல்] ‘ஷட்டர் லேக்’: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

செ. எழுதியது:
குழுவினருக்கு வணக்கம். பறவை பார்ப்பவர்களுக்கான சூப்பர்ஜூம் கேமரா கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ‘வாங்குமுன் வேகத்தைச் சோதிப்பது எப்படி’ என்ற பக்கத்தில் நான்கு தாமதங்கள் வருகின்றன: குவியம் (ஃபோகஸ்) பிடிக்க ஆவது, பொத்தானை முழுதும் அழுத்தியபின் படம் பதிய ஆவது, காட்சி வ்யூஃபைண்டரில் தெரிய ஆவது, எடுத்த படங்கள் கார்டில் ஏற ஆவது. எல்லாவற்றுக்கும் ‘தாமதம்’ என்றே போட்டால் படிப்பவர் குழம்புவார். இரண்டாவதற்கு, அதாவது ‘ஷட்டர் லேக்’ என்பதற்கு, ‘திரைத் தாமதம்’ என வைத்திருக்கிறேன். சரியா?

ம. எழுதியது:
சரியில்லை ஐயா. திரை என்றால் இன்று டிஸ்பிளேதான். அது உங்கள் மூன்றாவது தாமதத்துக்கே பொருந்தும். தாமதம் வடசொல். ‘சுணக்கம்’ இருக்க அது எதற்கு? சங்கப் பாடல்களில் தலைவியின் மேனியில் படரும் சுணங்கும் இதே வேர்தான் என்பது என் துணிபு. பிரிவால் மேனி சுணங்கும், வினையும் சுணங்கும்.

இ. எழுதியது:
பிரிவால் படர்வது பசலை. சுணங்கு அழகுத் தேமல். புலவர்கள் அதைப் புகழ்ந்துதான் பாடியிருக்கினம். இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். ஆனால் சுணக்கம் என்ற சொல் எங்கட ஈழத்துப் பக்கமும் விளங்கும், அதை ஏற்கிறேன்.

க. எழுதியது:
சொல் இருக்கட்டும், முதலில் சோதனையைத் திருத்துங்கள். ‘ஸ்டாப்வாட்ச் 10.00 காட்டும்போது அழுத்தி, படத்தில் விழுந்த எண்ணிலிருந்து 10.00-ஐக் கழிக்கவும்’ என்று வரைவில் உள்ளது. கண்டு அழுத்த மனிதருக்கே 0.2 நொடி போல ஆகும். அதுவும் கேமராவின் கணக்கில் ஏறிவிடும். ஒரு ஃபோனில் ஸ்டாப்வாட்ச் ஓடட்டும், கேமரா அதைக் குறிபார்க்கட்டும். இன்னொரு ஃபோன், நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில், விரலையும் ஸ்டாப்வாட்சையும் சேர்த்துப் பிடிக்கட்டும். பொத்தான் அடிவரை போன ஃபிரேமில் தெரியும் எண்ணைக் கேமரா எடுத்த படத்து எண்ணிலிருந்து கழியுங்கள். பல ஃபோன்களின் திரை நொடிக்கு 60 தடவைதான் மாறும்; ஆகவே 0.02 நொடிக்குக் குறைந்த வித்தியாசத்தை நம்ப வேண்டாம். பொத்தானைப் பாதி மட்டும் அழுத்தும் அரை அழுத்தத்தில் குவியம் பிடித்து வைத்துவிட்டு ஒரு முறையும், நேராக முழு அழுத்தமாக ஒரு முறையும் எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே குவியத்தின் பங்கு.

இது ஜூம் செய்யாத அகலக் கோணத்துக்கு. பறவைக்காரருக்கு வேண்டியது முழுதும் ஜூம் செய்த டெலி முனை. அங்கே கடைக்குள் சோதித்தால் ஏமாற்றமே. நிக்கான் பி900 டெலி முனையில் 5 மீட்டருக்கு அப்பால்தான் குவியும், பி1000-க்கு 7 மீட்டர். கவுண்டரில் இருக்கும் பெட்டியைக் குறிவைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்துவிட்டுக் கைவிடும். அது கேமராவின் குறை அன்று. வாசலுக்கு வந்து எதிர்ச்சாரிப் பெயர்ப்பலகையில் ஒரு முறை, அடுத்து அதைவிடப் பாதித் தூரத்தில் ஒன்றில், என்று மாற்றி மாற்றி அரை அழுத்தம் கொடுத்து, குவியம் பிடித்ததைக் காட்டும் பச்சைக் கட்டம் வரும்வரை வீடியோ எடுங்கள். பி900-இன் 2000 மிமீ முனையில் ஒளி புகும் துளை எஃப்/6.5. வெளிச்சம் குறைவு, ஒளி-இருள் மாறுபாட்டைப் பார்த்தே குவிக்கும் முறை, மாலையில் திணறும். சோனி ஆர்எக்ஸ்10 IV-க்குச் சொல்லும் 0.03 நொடி அகலக் கோணத்தில், நல்ல வெளிச்சத்தில் அளந்தது. அந்த எண்ணை டெலிக்கு ஒப்பிடாதீர்கள்.

தொடர் படத்தையும் பாருங்கள். பி900 நொடிக்கு 7 படம், ஆனால் 7 படத்தோடு நின்றுவிடும். குவியமும் முதல் படத்தில் பூட்டியதுதான். பறவை கிளம்பிய பிறகு எடுத்தவை மங்கும். ஆர்எக்ஸ்10 IV நொடிக்கு 24, குவியம் தொடர்ந்தபடியே, 249 வரை. விலை வித்தியாசத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

ம. எழுதியது:
அந்த அரை அழுத்தத்துக்கு நம்மிடம் சொல் இருக்கிறது! ‘கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை’ என்பது தொல்காப்பியம். விரல் நொடிப்பதை நான்காகப் பகுக்கும் பழம்பாட்டும் உண்டு: ‘உன்னல் காலே ஊன்றல் அரையே முறுக்கல் முக்கால் விடுத்தல் ஒன்றே.’ எடுப்போமா என நினைப்பது உன்னல், அரை அழுத்தம் ஊன்றல், குவியம் தேடி மோட்டார் ஓடுவது முறுக்கல், படம் பதிவது விடுத்தல். ஆகவே ‘விடுப்புச் சுணக்கம்’.

இ. எழுதியது:
விடுப்பு என்றால் எங்களுக்கு ஊர்வம்பு. உங்களுக்கோ லீவு. இரண்டு கரையிலும் பொருள் கெடுகிறது. ‘ஊன்றல்’ மட்டும் அருமை.

க. எழுதியது:
‘பதிவுச் சுணக்கம்’?

செ. எழுதியது:
கார்டில் ஏறுவதையும் பதிவு என்றுதான் சொல்வார்கள், அதனால் முடியாது. விரல் நொடிப்புக்கும் மவுஸ் கிளிக்குக்கும் ‘சொடுக்கு’ புழக்கத்தில் இருக்கிறது. குவியச் சுணக்கம், சொடுக்குச் சுணக்கம், காட்சிச் சுணக்கம், எழுது சுணக்கம் என்று போடுகிறேன். அரை அழுத்தத்துக்கு ‘ஊன்றல்’, அடைப்புக்குள் ‘அரை அழுத்தம்’. ‘சுணக்கம்’ என்பதை நீங்கள் மூவரும் ஏற்றுவிட்டீர்கள்.

இ. எழுதியது:
என் மறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கோ. சொடுக்கு என்றால் வெடுக்கென்று அழுத்துவது. டெலியில் அப்படி அழுத்தினால் கமரா ஆடும், படம் குலையும். ஊன்றி அழுத்தச் சொல்லும் கையேட்டில் ‘அழுத்து-சுணக்கம்’ என்றுதான் இருக்க வேண்டும்.