மின்தூக்கி வரைகூடப் போகவில்லை

குழு: பாட்டி வீடு
செவ்வாய்க்கிழமை

[காலை 5:36] நான்: எல்லாருக்கும். பெண் குழந்தை பிறந்துவிட்டது. வீட்டிலேயே. தாயும் பிள்ளையும் நலம். ஆம்புலன்சில் போய்க்கொண்டிருக்கிறோம். போன் செய்யாதீர்கள், அப்புறம் எழுதுகிறேன்.

[காலை 5:38] அக்கா: வீட்டிலா??? இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்றாயே!

[காலை 5:38] அம்மா: முருகா

[காலை 5:40] சித்தி: தம்பி, இதற்கு மட்டும் பதில் சொல். குழந்தை உடனே அழுததா? தொப்புள்கொடியை நீங்கள் யாரும் வெட்டவில்லையே? கனிக்கு இரத்தம் அதிகம் போகிறதா?

[காலை 5:46] நான்: அழுதாள் சித்தி. கொடியில் நாங்கள் கை வைக்கவில்லை, ஆம்புலன்சில் வந்தவர்கள்தான் வெட்டினார்கள். நஞ்சுக்கொடியும் வந்துவிட்டது. இரத்தப்போக்கு கட்டுக்குள் இருக்கிறது என்கிறார்கள்.

[காலை 5:47] சித்தி: அப்பாடா. போனை வைத்துவிட்டுக் கனி கையைப் பிடித்துக்கொள்.

[காலை 5:51] சித்தப்பா: மூத்தவன் எங்கே?

[காலை 5:58] நான்: எதிர்வீட்டு மக்சிக்கிடம், அந்த மலாய் அம்மாவிடம்தான். மைலோ குடித்துக்கொண்டிருக்கிறானாம்.

[காலை 10:20] நான்: 2.6 கிலோ. குழந்தையின் உடம்பு கொஞ்சம் குளிர்ந்திருந்தது, சூடேற்றும் தொட்டிலில் ஒரு மணி நேரம் வைத்தார்கள். இப்போது கனியின் நெஞ்சில் தூங்குகிறாள். கனிக்கு இரண்டு தையல்.

[காலை 10:22] பெரிய அத்தை: வயிறு குளிர்ந்தது. ஆனால் தம்பி, வலி எடுத்ததும் கிளம்பியிருக்க வேண்டாமா? எதற்காக வீட்டில் உட்கார்ந்திருந்தீர்கள்?

[காலை 10:41] நான்: அத்தை, இதைக் கனியிடம் மட்டும் யாரும் கேட்காதீர்கள். என்னிடம் கேளுங்கள், சொல்கிறேன்.

நாலு மணிக்கு இடுப்பு வலிக்கிறது என்றாள். நேற்றும் அதே வலி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்ததும் போய்விட்டது. நாலரைக்குப் பனிக்குடம் உடைந்தது. உடனே பையை எடுத்தேன், மூத்தவனைத் தோளில் போட்டேன், கிராப் டாக்சி கூப்பிட்டேன். மின்தூக்கி இருபது அடி தூரம்தான். அவள் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "தலை வருகிறது" என்றாள். நான் நம்பவில்லை. குனிந்து பார்த்தேன், முடி தெரிந்தது.

[காலை 10:43] அக்கா: ஐயோ

[காலை 10:49] நான்: ஆம்புலன்சுக்கு 995 அழைத்தேன். எடுத்த பெண்ணின் குரலை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைக்கச் சொன்னார். பிள்ளையை இழுக்காதீர்கள், தலையை உள்ளங்கையில் தாங்கினால் போதும் என்றார். வந்ததும் துண்டால் துடைத்து அம்மாவின் வெறும் நெஞ்சில் போடுங்கள், இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்துங்கள், கொடியை வெட்டவும் வேண்டாம் இழுக்கவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அவர் குரல் நடுங்கவே இல்லை.

[காலை 10:55] நான்: மக்சிக் அதற்குள் ஓடி வந்துவிட்டார். நோன்பு மாதம் என்பதால், விடியும் முன் சாப்பிடும் சஹர் சாப்பாடு சூடு பண்ண எழுந்திருந்தாராம். மூத்தவனை என் தோளிலிருந்து வாங்கித் தன் மகளிடம் கொடுத்தார். பெருநாளுக்கு வாங்கி வைத்திருந்த புதுத் துண்டு நான்கையும் கவரைக் கிழித்து எடுத்து வந்தார். கனிக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் முதுகைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டார். எனக்கு மலாய் அரைகுறை. "பெலான் பெலான்", மெதுவாக மெதுவாக, என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தது மட்டும் காதில் நிற்கிறது. 4:52க்குப் பிறந்தாள்.

அன்றைய சஹரை அவர் சாப்பிட்டாரா என்றுகூட நான் கேட்கவில்லை. அதுதான் மனதில் கிடந்து உறுத்துகிறது.

[காலை 11:02] சித்தி: பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு வலி ஆரம்பித்து மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரண்டாவது பிள்ளை இன்னும் வேகம். கனி எதையும் தாமதப்படுத்தவில்லை. ஓடுகிற காரில் நடந்திருந்தால் இதைவிடக் கஷ்டம்.

[காலை 11:05] பெரிய அத்தை: தப்பாக எடுத்துக்கொள்ளாதே தம்பி. பதறிப் போய்க் கேட்டுவிட்டேன். கனியிடம் மூச்சு விட மாட்டேன்.

[காலை 11:20] சித்தப்பா: பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். அழுதுவிட்டார். பெரிய அத்தையைப் பெற்றது செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில், மலாய்க்காரப் பீடான், அதாவது மருத்துவச்சி, கையில்தானாம். "அவளும் இப்படித்தான் முதுகைத் தாங்கிக்கொண்டாள்" என்கிறார். நான் 1966இல் கேகே மருத்துவமனையில் பிறந்தவன். அந்த ஒரே வருடம் அங்கே 39,835 பிள்ளைகள். கின்னஸ் புத்தகத்தில் வந்த கணக்கு.

[பிற்பகல் 1:15] அம்மா: பாட்டி கேட்கச் சொன்னார். சேனை தொட்டு வைக்க வேண்டுமே, யார் வைப்பது? தேன் நான் கொண்டு வருகிறேன்.

[பிற்பகல் 1:17] சித்தி: அக்கா, தேன் வேண்டவே வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதிலிருக்கும் கிருமி பிள்ளையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தளர்த்திவிடும். சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். கனியின் சீம்பால்தான் சேனை.

[பிற்பகல் 1:19] அம்மா: சரி, பாட்டியிடம் நீயே பேசிவிடு. தூளிக்கு என் பழைய சுங்குடிச் சேலை இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். அதற்காவது தடை இல்லையே?

[பிற்பகல் 1:22] சித்தி: எங்கே வைத்திருந்தீர்கள்? அந்துருண்டை போட்ட பெட்டியிலா?

[பிற்பகல் 1:23] அம்மா: ஆமாம். பூச்சி வருமே.

[பிற்பகல் 1:30] சித்தி: அப்படியானால் அதை இப்போது கொண்டு வராதீர்கள். இங்கே சிங்கப்பூரில் எல்லாப் பிள்ளைக்கும் ஜி6பிடி என்ற இரத்தப் பரிசோதனை உண்டு. அந்தக் குறை இருக்கிற பிள்ளைக்கு அந்துருண்டை வாசனை பட்டாலே சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை ஏறும். மூளை வரை பாதிக்கலாம். முடிவு வரட்டும். எப்படியானாலும் அந்துருண்டை படாத துணியே போதும்.

[பிற்பகல் 1:34] அக்கா: என்னிடம் புது வாயில் சேலை இருக்கிறது, அலசிக் கொண்டு வருகிறேன். தேக்கா சந்தையில் பால் சுறாவும் வாங்கிவிடுகிறேன். தம்பி, உனக்கு விடுமுறை உண்டா?

[பிற்பகல் 1:40] நான்: நான்கு வாரம், சம்பளத்தோடு. பிறப்பைப் பதிய 42 நாள் இருக்கிறது. பெயர்தான் இன்னும் முடிவாகவில்லை.

[மாலை 4:05] அம்மா: மக்சிக்குக் கேசரி செய்து கொடுக்கட்டுமா?

[மாலை 4:08] சித்தப்பா: அவர் நோன்பு அண்ணி. நம் வீட்டுப் பாத்திரம் சங்கடமாக இருக்கலாம். நல்ல பேரீச்சம்பழமும் பழக்கூடையும் வாங்கி, நோன்பு திறப்பதற்கு முன் கொடுத்துவிடலாம். நானே போகிறேன். மூத்தவனையும் அழைத்து வந்துவிடுகிறேன்.

[மாலை 6:10] சித்தப்பா: கொடுத்துவிட்டேன். சஹருக்கு ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் கிடைத்ததாம், அது போதும் என்கிறார். மூத்தவன் வர மாட்டேன் என்கிறான். நோன்பு திறந்த பிறகு வருவானாம்.

[இரவு 8:32] கனி: எல்லாருக்கும் நன்றி. நான் நன்றாக இருக்கிறேன். பாப்பா நன்றாகப் பால் குடிக்கிறாள். அந்தத் துண்டுகளை வீசிவிடாதீர்கள் என்று நர்ஸிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அத்தை, ஒன்று கேட்க வேண்டும். பெருநாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான். அன்றைக்குப் பாப்பாவை மக்சிக் மடியில் கொண்டுபோய் வைக்க ஆசை. முப்பது கழியாமல் வெளியே எடுக்கக் கூடாது என்பீர்களே?

[இரவு 8:40] அம்மா: எதிர்வீடு எப்படியம்மா வெளியே ஆகும்? நானே தூக்கிக்கொண்டு வருகிறேன். புதுத் துண்டு நான்கு வாங்க வேண்டும், அவர் வாங்கிய நிறம் என்ன?

[இரவு 8:41] கனி: பச்சை.