நாலு வயதுப் பிள்ளைக்கு மூட்டுவாதமா? ரிப்போர்ட் நார்மல், முட்டி வீக்கம் மட்டும் போகவில்லை

திண்டுக்கல் அம்மா:
ரெண்டு மாதமாக மகள் காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் வலது காலை விந்தி விந்தி நடக்கிறாள், பல் தேய்த்துப் பால் குடித்து ஒரு மணி நேரம் போனால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறாள். வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. பள்ளிக்குப் போகாமல் இருக்க நடிக்கிறாள் என்று நினைத்துத் திட்டிக்கூட இருக்கிறேன். போன வாரம் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன், இடது முட்டியின் ரெண்டு பக்கமும் குழி தெரிகிறது, வலது முட்டி உருண்டையாக இருக்கிறது, தொட்டால் லேசான சூடு. டாக்டர் எங்காவது விழுந்திருப்பாள் என்றார். எக்ஸ்ரே, அழற்சி பார்க்கும் ஈ.எஸ்.ஆர்., வாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சரியாம். ஏ.எஸ்.ஓ. என்ற ரத்தப் பரிசோதனை மட்டும் கூடுதல், அதற்கு 21 நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி என்கிறார். மாமியாரோ 'வளர்ற பிள்ளைக்கு வர்ற வலிதான், உளுந்தங்களி கிண்டிக் கொடு' என்கிறார். இந்த வயதில் போய் வாதம் வருமா?

முட்டிவீக்க அப்பா:
வரும்மா. என் மகளுக்கு மூன்று வயதில் வந்தது, இப்போது ஒன்பது. 16 வயதுக்குள் ஆரம்பித்து, 6 வாரத்துக்கு மேல் வீக்கம் நின்று, வேறு காரணமும் கிடைக்காவிட்டால் ஜே.ஐ.ஏ., அதாவது குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் என்பார்கள். ஆர்.ஏ. ஃபேக்டர் இந்த நோயுள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு நெகட்டிவாகத்தான் வரும், எங்களுக்கும் அப்படித்தான், அதை நம்பி ஐந்து மாதம் வீணாக்கினோம். ஏ.எஸ்.ஓ. கூடியிருந்தால் சமீபத்தில் ஒரு தொண்டைத் தொற்று வந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். பென்சிலின் ஊசி, தொண்டைத் தொற்றுக்குப் பிறகு சிலருக்கு வரும் ருமாட்டிக் காய்ச்சலுக்குப் போடுவது. அந்தக் காய்ச்சலின் மூட்டுவலி வழக்கமாக ஒரு மூட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், தொடவிடாமல் வலிக்கும், ரெண்டு மாதம் ஒரே முட்டியில் குந்திக்கொண்டிருக்காது. நான் சொன்னேன் என்று ஊசியை நிறுத்தாதீர்கள், குழந்தைகளைப் பார்க்கும் ருமட்டாலஜிஸ்ட் (மூட்டுவாத டாக்டர்) ஒருவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். ஒற்றை முட்டி என்பதால் டி.பி. இல்லை என்பதையும் உறுதி செய்வார்கள்.

அதைவிட அவசரம் கண். இந்த வகை வாதத்தில் கண்ணுக்குள் அழற்சி வரலாம், சிவக்காது, வலிக்காது, குழந்தைக்கும் தெரியாது, விட்டால் பார்வையே போகலாம். ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்றால் வாய்ப்பு இன்னும் அதிகம். டார்ச் அடித்துப் பார்த்தால் போதாது, கண் டாக்டரிடம் இருக்கும் ஸ்லிட் லாம்ப் என்ற மைக்ரோஸ்கோப் வைத்துத்தான் பார்க்க வேண்டும், எங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மூன்றாவது தடவைதான் இடது கண்ணில் கண்டுபிடித்தார்கள், அதுவரை அவள் டிவியில் ஓடும் எழுத்தைக்கூட வாசித்துக்கொண்டிருந்தாள்.

பிசியோ அக்கா:
வளர்ச்சி வலி சாயங்காலமோ ராத்திரியோதான் வரும், பெரும்பாலும் ரெண்டு காலிலும். காலையில் விந்த வைக்காது, வீங்கவும் வீங்காது. தூங்கும்போது முட்டிக்குக் கீழே தலையணை வைக்காதீர்கள், மடங்கியபடியே இறுகிவிடும். வீங்கிய முட்டிப் பக்கம் ரத்த ஓட்டம் கூடி அந்தக் கால் கொஞ்சம் நீளமாக வளர்வதும் உண்டு, அளந்து பார்க்கச் சொல்லுங்கள். விளையாட்டை நிறுத்த வேண்டாம், மூணு சக்கர சைக்கிள் ரொம்ப நல்லது.

நாட்டுமருந்து நேசன்:
இதற்குக் கேன்சர் மருந்து கொடுப்பார்கள், ஜாக்கிரதை. எங்கள் பக்கம் ஒருவர் பொடி தருகிறார், மூன்றே நாளில் வீக்கம் வடியும்.

முட்டிவீக்க அப்பா:
மூன்று நாளில் வடிகிறதென்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றுதான் நான் சந்தேகப்படுவேன் அண்ணே. நீங்கள் சொல்லும் மெத்தோட்ரெக்ஸேட் கேன்சருக்கும் கொடுக்கும் மருந்துதான், ஆனால் இங்கே சின்ன அளவில், வாரம் ஒரே ஒரு நாள். தவறி தினமும் கொடுத்தால் ஆபத்து, அதனால் எங்கள் வீட்டுத் தினசரி காலண்டரில் சனிக்கிழமைத் தாளை மட்டும் சிவப்புப் பேனாவால் சுழித்து வைப்போம். எல்லாருக்கும் அதுவும் தேவைப்படாது, ஒற்றை முட்டிக்குப் பலருக்கு மூட்டுக்குள் போடும் ஊசியே போதும்.

தங்கச்சி, இன்னொன்று. காலையில் நடப்பதை செல்போனில் வீடியோ எடுங்கள். பதினொரு மணிக்கு டாக்டர் அறையில் குதித்து விளையாடுவாள், நாம்தான் பொய் சொல்கிற மாதிரி நிற்போம்.

திண்டுக்கல் அம்மா:
இன்று எடுத்துவிட்டேன். 6:40க்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறாள், 7:50க்குப் பூனையைத் துரத்துகிறாள். மாமியாரிடமும் காட்டினேன், ரெண்டு தடவை போட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை கண்ணுக்குப் போகிறோம், மாமியாரும் வருகிறார்.