கூடத்துக்குப் பெரிய திரைத் தொலைக்காட்சி: 55 அங்குலமா, 65 அங்குலமா?

வைகைக்கரை (மதுரை):

அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டுக் கூடத்தில் பதினொரு ஆண்டுகளாக இருந்துவரும் 32 அங்குலத் தொலைக்காட்சியில் சென்ற மாதம் படத்தின் பாதி இருண்டுவிட்டது. பழுது பார்க்க ஆகும் செலவைக் கேட்டபின், புதிதாக ஒன்றை வாங்குவதே மேல் என்று வீட்டில் முடிவு செய்தோம். ஆனால் கடைக்குப் போய் வந்தபின் குழப்பம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

கூடம் 16 அடி நீளமும் 11 அடி அகலமும் கொண்டது. சோபாவில் சாய்ந்து அமர்ந்தால் கண்ணுக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே 9 அடி இருக்கிறது. மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல் இருப்பதால், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வெளிச்சம் திரையின் மீது சாய்வாக விழும். எங்கள் அம்மாவுக்கு வயது 74. ஒரு கண்ணில் புரை நீக்கிய பிறகும் அவருக்குச் சிறிய எழுத்துகள் சரியாகத் தெரிவதில்லை. திரையிலிருந்து ஆறடி தள்ளி, இடதுபுறத் தூண் ஓரமாகப் பாயில் அமர்ந்துதான் பார்ப்பார். காலை முதல் மாலை வரை செய்தி அலைவரிசை, அதன்பின் தொடர்கள் என்று ஒரு நாளில் எட்டு மணி நேரமாவது தொலைக்காட்சி ஓடும். இணைப்பு உள்ளூர் கேபிள். இரவில் நாங்கள் இணையவழிப் படங்கள் பார்ப்போம். மகன் கிரிக்கெட் பார்ப்பான்.

கடைக்காரர் 65 அங்குலக் கியூலெட் எடுங்கள் என்கிறார். மைத்துனர் ஓலெட் வாங்கினால்தான் கொடுத்த பணத்துக்குப் பலன் என்கிறார். மகன் 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரை வேண்டும் என்கிறான். அவ்வளவு பெரிய திரை அம்மாவின் கண்ணைச் சோர்வடையச் செய்யுமோ என்பது என் கவலை. 75,000 ரூபாய் வரை செலவிட முடியும். நிறுவனப் பெயர்களைவிட, எதைப் பார்த்து முடிவு செய்வது என்று விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

அளவுகோல் (கோயம்புத்தூர்):

வணக்கம் ஐயா. முதலில் அளவை முடிவு செய்துவிட்டால் மற்றவை எளிதாகிவிடும். திரையின் மூலைவிட்ட அளவை 1.6 ஆல் பெருக்கினால் வரும் தொலைவில் அமர்ந்து பார்க்கும்போது, அந்தத் திரை நம் பார்வையில் ஏறத்தாழ 30 பாகை அளவை நிறைக்கும். பல பேர் சேர்ந்து பார்க்கும் கூடத்துக்கு இது பொருத்தமான கணக்கு. 55 அங்குலத்துக்கு அது 88 அங்குலம், அதாவது ஏழடி நான்கு அங்குலம். 65 அங்குலத்துக்கு 104 அங்குலம், அதாவது எட்டடி எட்டு அங்குலம். உங்கள் சோபா ஒன்பதடியில் இருப்பதால் 65 அங்குலம் சரியாகப் பொருந்துகிறது. 1.2 ஆல் பெருக்கி வரும் தொலைவு, திரையரங்கில் அமர்ந்த உணர்வை விரும்புவோருக்கானது. அதைவிட நெருங்கினால் பெரும்பாலானோருக்குத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

எண்களை மட்டும் நம்பாமல், செய்தித்தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, 144 சென்டிமீட்டர் அகலமும் 81 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு செவ்வகத்தைச் சுவரில் பொருத்திவையுங்கள். அதுவே 65 அங்குலத் திரையின் அளவு. 55 அங்குலத்துக்கு 122க்கு 68.5 சென்டிமீட்டர். இரண்டு நாள் அது சுவரில் இருக்கட்டும். கடையின் உயரமான கூரைக்குக் கீழே சிறியதாகத் தோன்றிய திரை, வீட்டுச் சுவரில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கும் என்பது அப்போதுதான் விளங்கும்.

கேபிள் இணைப்பைப் பற்றி ஒரு செய்தியைத் தவறாமல் கவனியுங்கள். சாதாரணத் தரத்தில் வரும் அலைவரிசையின் படம் 720க்கு 576 புள்ளிகள் கொண்டது. 4கே திரையிலோ 3840க்கு 2160 புள்ளிகள். ஒரு புள்ளியை இருபது புள்ளிகளாக விரித்துக் காட்ட வேண்டிய நிலையில், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய திரையானாலும் படம் மங்கலாகத்தான் தெரியும். அதைப் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சியைக் குறை சொல்பவர்கள் ஏராளம். எனவே எச்டி (உயர் தெளிவு) பெட்டிக்கும் எச்டி அலைவரிசைத் தொகுப்புக்கும் மாறிவிடுங்கள். அந்தப் பெட்டியைச் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் முனைகள் கொண்ட பழைய கம்பியால் இணைக்காமல், படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கொண்டுவரும் எச்டிஎம்ஐ கம்பியால் இணையுங்கள். எச்டி பெட்டிக்குப் பணம் கட்டிக்கொண்டே மூன்று வண்ணக் கம்பியில் பார்த்துவந்த வீடுகளை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

விலை கேட்கும்போது ஒன்றைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலைக் காட்டித் தள்ளுபடி என்று சொன்னால் அதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பேனல்காரர் (ஈரோடு):

வணக்கம். இருபது ஆண்டுகளாகத் தொலைக்காட்சி பழுது நீக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், உங்கள் மைத்துனரின் யோசனையிலிருந்து தொடங்குகிறேன். ஓலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. கருமை வேண்டிய இடத்தில் புள்ளி முழுதாக அணைந்துவிடும். இருட்டறையில் படம் பார்ப்பவருக்கு அதைவிட அழகான திரை இல்லை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் ஒளிரும் புள்ளி தேயவும் செய்யும். செய்தி அலைவரிசையின் மூலையில் அசையாமல் நிற்கும் சின்னமும், அடியில் ஓடும் பட்டையும் நாள்தோறும் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் ஒளிர்ந்தால், அந்த இடத்துப் புள்ளிகள் மற்றவற்றுக்கு முன்னதாகவே தேய்ந்து, வேறு படம் ஓடும்போதும் நிழலாகத் தெரியும். படத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தும் ஏற்பாடுகள் இப்போதைய திரைகளில் இருக்கின்றன. அவை தேய்மானத்தைத் தள்ளிப்போடுமே தவிர, இல்லாமல் ஆக்கிவிடாது. உங்கள் வீட்டுப் பழக்கத்துக்கும் பகல் வெளிச்சத்துக்கும் ஓலெட் ஏற்றதல்ல; 65 அங்குல ஓலெட் உங்கள் தொகைக்குள் அடங்குவதும் கடினம்.

கடைக்காரர் சொல்லும் கியூலெட், பெயர் ஒத்திருந்தாலும் வேறு பொருள். அது பின்புறம் விளக்கு எரியும் எல்சிடி திரையேதான். நிறங்களைத் தூய்மையாக்கும் குவாண்டம் புள்ளிப் படலம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. நிறம் நன்றாக இருக்கும். ஆனால் பின்விளக்கு எப்படி அமைந்திருக்கிறது என்பதை அந்தப் பெயர் நமக்குச் சொல்வதில்லை. விளிம்பில் மட்டும் விளக்கு வைத்தவையும் உண்டு, திரை முழுதும் பரப்பியவையும் உண்டு. பரப்பிய விளக்குகளைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதி இருந்தால் கருமை நன்றாக வரும். மினி எல்இடி என்று விற்கப்படுபவை அந்த வகையின் மேம்பட்ட வடிவம்.

அடுத்தது பேனலின், அதாவது படம் தோன்றும் தகட்டின் வகை. எல்சிடியில் ஐபிஎஸ், விஏ என்று இரண்டு வகை பரவலாக உண்டு. ஐபிஎஸ் பேனலில் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. கருமை சற்றுச் சாம்பல் பூத்திருக்கும். விஏ பேனலில் கருமை ஆழமாக இருக்கும், ஆனால் ஓரமாக அமர்ந்தவருக்குப் படம் வெளுத்துத் தெரியும். உங்கள் அம்மா தூண் ஓரத்தில் தரையில் அமர்பவர் என்பதால், கடையில் நேராக நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். இடதுபுறம் ஒதுங்கி, குனிந்து, அவர் கண் இருக்கும் உயரத்திலிருந்து பாருங்கள். கடைகளில் படத்தைக் கண்ணைப் பறிக்கும் அளவுக்கு ஏற்றி வைத்திருப்பார்கள். சாதாரண அமைப்புக்கு மாற்றச் சொல்லி, அவர்களுடைய விளம்பரக் காட்சிக்குப் பதிலாக ஒரு செய்தி அலைவரிசையை ஓடவிடச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் பின்விளக்கின் அளவைக் குறைத்து வையுங்கள். என் பட்டறைக்கு வரும் எல்இடி தொலைக்காட்சிகளில் மிகுதியாகக் காணும் பழுது, ஒலி வரும், படம் இருண்டிருக்கும் என்பதுதான். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே படம் ஓடிக்கொண்டிருப்பது தெரியும். முழு அளவில் எரிந்து சூடேறிய விளக்குப் பட்டைகள் பட்டுப்போவதே அதற்குக் காரணம். உங்கள் பழைய பெட்டியின் பழுதும் அதுவாகவே இருக்கக்கூடும்.

120 ஹெர்ட்ஸ் பற்றி: நம் நாட்டு ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ் முறையில் வருகிறது. கிரிக்கெட்டுக்கு 60 ஹெர்ட்ஸ் திரையே போதும். மகன் புதிய வகை விளையாட்டுப் பெட்டி ஏதும் வைத்திருந்தால் மட்டும் அதை யோசியுங்கள்.

---

காவிரிக்கரை மகள் (திருச்சி):

அண்ணா, வணக்கம். அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் மாமனாரின் நினைவு வந்தது. அவரும் பழைய சிறிய திரைக்கு மிக அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். அவருக்கு அந்த இடம் பிடித்திருப்பதாகவே நாங்கள் நீண்ட நாள் எண்ணியிருந்தோம். பெரிய திரை வந்த ஒரு வாரத்தில் அவராகவே பின்னால் நகர்ந்து எங்களோடு அமர்ந்தபோதுதான், எழுத்துத் தெரியாததனால்தான் அவ்வளவு நாள் முன்னே போய் அமர்ந்திருக்கிறார் என்பது எங்களுக்குப் புரிந்தது. அதை முன்பே கேட்காமல் போனோமே என்று இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

உங்கள் அம்மா ஆறடியில் அமர்வதும் அந்த 32 அங்குலத் திரையால்தானா என்று அவரையே கேட்டுப் பாருங்கள். 65 அங்குலத் திரையில் எழுத்து இரண்டு மடங்கு பெரிதாக இருக்கும். அதை ஒன்பதடியிலிருந்து பார்த்தாலும், இப்போது ஆறடியிலிருந்து பார்ப்பதைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். அவர் சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலிக்கு வந்துவிட்டால் பக்கவாட்டுக் கோணமும் குறையும்; பேனல்காரர் ஐயா சொன்ன சிக்கலில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். தரையில் அமர்வதுதான் அவருக்கு வசதி என்றால் திரையின் உயரத்தை அதற்கேற்பத் தாழ்த்துங்கள். நாற்காலியில் அமர்பவரின் கண் தரையிலிருந்து 105 சென்டிமீட்டர் அளவில் இருக்கும், பாயில் அமர்பவரின் கண் 75 அளவில் இருக்கும். திரையின் நடுப்பகுதி இந்த இரண்டுக்கும் இடையில் அமைந்தால் யாருக்கும் கழுத்து வலிக்காது. பொருத்த வருபவர்கள் கேட்காமலே ஐந்தடி உயரத்தில் துளையிட்டுவிடுவார்கள், பென்சிலால் நீங்களே குறித்து வையுங்கள்.

பெரிய திரை என்பதற்காகவே கண் கெடுவதில்லை என்று எங்கள் கண் மருத்துவர் சொன்னார். இருட்டில் திரை மட்டும் பளீரென்று எரிந்தால்தான் சோர்வு வரும் என்று சொல்லி, திரைக்குப் பின்னால் ஒரு சிறிய விளக்கை எரியவிடச் சொன்னார். அம்மாவின் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மேற்கு ஜன்னலுக்குத் தடித்த திரைச்சீலை கட்டாயம் வேண்டும். பளபளப்பான திரை, எவ்வளவு வெளிச்சம் தந்தாலும், ஜன்னலைக் கண்ணாடி போலக் காட்டிக்கொண்டேதான் இருக்கும்.

ஒலியையும் மறந்துவிடாதீர்கள். மெல்லிய தொலைக்காட்சிகளின் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் கீழ்நோக்கி இருப்பதால், பின்னணி இசைக்கு நடுவே பேச்சு அமுங்கிவிடும். திரையில் கொஞ்சம் செலவைக் குறைத்தாவது ஒரு சவுண்ட்பார் (திரைக்குக் கீழே வைக்கும் நீளமான தனி ஒலிபெருக்கி) வாங்கி, தொலைக்காட்சியின் ஒலியை வெளியே அனுப்பும், ஏஆர்சி என்று குறித்த எச்டிஎம்ஐ துளையில் இணையுங்கள். ஒரே ரிமோட்டில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதால் அம்மாவுக்கும் குழப்பம் இருக்காது.

---

வைகைக்கரை (மதுரை):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. செய்தித்தாள் செவ்வகத்தை ஒட்டி, ஓடும் செய்தியின் அளவில் அதில் எழுதியும் வைத்தோம். அம்மாவிடம் கேட்டபோது, "எழுத்துத் தெரிஞ்சா நான் ஏன்ப்பா முன்னாடி போய் உட்காரப் போறேன்?" என்று சொல்லிவிட்டார். தங்கை எழுதியது அப்படியே உண்மை. இத்தனை ஆண்டுகளாக நானும் அதைக் கேட்டதில்லை. ஆகவே 65 அங்குலம், பின்விளக்கு திரை முழுதும் பரப்பிய எல்சிடி, அதோடு ஒரு சவுண்ட்பார் என்று முடிவு செய்திருக்கிறோம். அம்மாவுக்குக் கைவைத்த நாற்காலி ஒன்று சோபா ஓரத்தில் வருகிறது.

இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. எங்கள் பகுதியில் மின்னழுத்தம் நிலையாக இருப்பதில்லை. தொலைக்காட்சி வரும் சுவர், பின்னாளில் எடுத்துக் கட்டிய எடை குறைந்த ஏஏசி கற்களால் ஆனது. சுமை தாங்குமா?

---

பேனல்காரர் (ஈரோடு):

தாங்கும், ஆனால் சாதாரண பிளாஸ்டிக் முளைகளை நம்பிவிடாதீர்கள். ஏஏசி கற்களுக்கென்றே முளைகள் கிடைக்கின்றன. பொருத்த வருபவரிடம் அவை இருக்கின்றனவா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். இந்த அளவுத் திரை சுமார் 20 கிலோ இருக்கும். மனம் ஒப்பவில்லை என்றால் அகலமான மேசையில் அதன் கால்களிலேயே நிறுத்திவிடலாம். கால்களுக்கு இடையேயுள்ள தொலைவை மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

மின்னழுத்தம் குறைவதைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். பின்புறத்தில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்தால், தாழ்வை அதுவே சமாளித்துக்கொள்ளும். உயர்வுதான் ஆபத்து. தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட்டை நெருங்கி வந்துவிடக்கூடும். அந்த நேரத்தில் இணைப்பைத் தானே துண்டிக்கும் கருவி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். இடிமழை நெருங்கும் முன்பே மின்செருகியோடு கேபிள் கம்பியையும் கழற்றிவிடுங்கள். மின்னல் அந்த வழியாக வந்து எச்டிஎம்ஐ பகுதி கருகிய பெட்டிகள் ஐப்பசி மழைக்காலம் வந்தாலே என் மேசையில் சேர்ந்துவிடும்.

பெட்டி வரும் நாளில் நீங்களே வீட்டில் இருங்கள். அட்டைப்பெட்டியை நிமிர்த்தி வைத்துக் கொண்டுவந்தார்களா என்று பாருங்கள். படுக்க வைத்துக் கொண்டுவந்த பேனல் வெளியில் தெரியாமலே விரிசல் கண்டிருக்கலாம். உடைந்த திரைக்கு உத்தரவாதம் செல்லாது. ஆகவே கையெழுத்திடும் முன்பே திறந்து, மின்சாரம் கொடுத்து, முழு வெள்ளையாகவும் முழுக் கறுப்பாகவும் ஒவ்வொரு படத்தை ஓடவிட்டு, கோடோ கறையோ இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு அவர்களை அனுப்புங்கள்.