செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி: தமிழில் என்ன எழுதலாம்?

தக்கலை வக்கீல்:
வெள்ளிக்கிழமை வகுப்பு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குப் பிள்ளைகளுக்காகத் தமிழில் குறிப்பு எழுதுகிறேன், செமி ஆட்டோமேட்டிக்கில் வந்து முட்டி நிற்கிறது. தோட்டா வெடிக்கும் ஆற்றலில் ஒரு பங்கை வைத்தே காலிக் கூட்டைத் தள்ளிவிட்டு அடுத்த தோட்டாவைத் துப்பாக்கியே ஏற்றிக்கொள்ளும், ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் விசையை (ட்ரிகரை) தனியாக இழுக்க வேண்டும். செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்கு அமெரிக்கச் சட்டம் தரும் வரையறை இது. நம் சட்டமோ, விசையை அழுத்தியிருக்கும்வரை அல்லது தோட்டா தீரும்வரை சுட்டுக்கொண்டே இருப்பதைத் தடைசெய்த ஆயுதம் என்கிறது. செமி ஆட்டோமேட்டிக் 2016 ஆயுத விதிகளின் அட்டவணையில் பேர் சொல்லி வருகிறது. அரைத்தானியங்கி என்று எழுத மனம் வரவில்லை. எது அரை?

நாகர்கோவில் தமிழாசிரியர்:
தன்னேற்றி. தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும், இலக்கணம் சுத்தம். தானாக நடப்பது ஏற்றம் மட்டும்தானே, சுடுவது கை. சிலப்பதிகாரம் அடைக்கலக் காதையில் மதுரை மதிலின் வளைவிற்பொறியைப் பாருங்கள், தானே வளைந்து எய்யும் எந்திரவில் என்று உரை. தானே எய்வது அது, தானே ஏற்றுவது இது. இந்த வேறுபாட்டுக்கு நம்மிடம் வேரே இருக்கிறது. துப்பாக்கிகூடக் குறளில் உண்டு!

குழித்துறை ரப்பர்த் தோட்டக்காரர்:
சாரே, குறளில் வருவது மழை. துப்பு ஆக்கி, அதாவது உணவு ஆக்கி. நம்ம துப்பாக்கி துருக்கியிலிருந்து வந்தது, எங்க பக்கம் அதுவும் இல்லை, தோக்குதான். தேர்தல் வந்தால் தோக்கை ஸ்டேஷனில் ஒப்படைக்கிறவனிடம் தன்னேற்றி என்று சொன்னால் தண்ணி ஏற்றும் மோட்டாரா என்று கேட்பான். செமி ஆட்டோமேட்டிக் என்றே எழுதுங்க.

குளச்சல் பொறியாளர்:
ஒற்றைவெடி? ஓர் இழுப்புக்கு ஒரு வெடி. அப்புறம், உதயகிரிக் கோட்டையில் திருவிதாங்கூர்ப் படைத்தலைவர் டிலனாய் பீரங்கி வார்த்த காலத்தில் நம் கொல்லர்கள் இதற்கெல்லாம் ஏதாவது பேர் வைத்திருப்பார்களே, யாராவது தேடினீர்களா?

தக்கலை வக்கீல்:
பீரங்கிக்கு விசை ஏது சார். ஒற்றைவெடி ஆகாது. இரட்டைக்குழலும் ஓர் இழுப்புக்கு ஒன்றுதான். ரிவால்வரும் அப்படித்தான், ஆனால் அதில் உருளையைச் சுழற்றுவது விரலின் பலம், வெடியின் பலம் அல்ல. வேகமும் அளவுகோல் இல்லை. 2024இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பம்ப் ஸ்டாக் (bump stock, செமி ஆட்டோமேட்டிக்கை மிக வேகமாகச் சுடவைக்கும் துணைக்கருவி) வழக்கில் இதையே பிடித்துக்கொண்டது: எவ்வளவு வேகமாகச் சுட்டாலும் ஒரு வெடிக்கு விசை ஒருமுறை இயங்குகிறதென்றால் அது இயந்திரத் துப்பாக்கி ஆகாது என்று ஆறு நீதிபதிகள் சொன்னார்கள், மூவர் ஒப்பவில்லை. ஆகவே சொல்லில் ஏற்றம் தெரிய வேண்டும். தன்னேற்றி பக்கம்தான் சாய்கிறேன், ஆனால் நாளைக்கு ஒரு பையன் அதைத் தேர்வுத்தாளில் எழுதினால் திருத்துகிறவருக்குப் புரிய வேண்டுமே.

குளச்சல் பொறியாளர்:
அப்படியானால் அரைத்தானியங்கியே இருக்கட்டும், செய்தித்தாள் படிக்கிறவனுக்குப் பாதியாவது புரியும். முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் போடுங்கள்.

குழித்துறை ரப்பர்த் தோட்டக்காரர்:
சரி, எதையாவது எழுதுங்க.

தக்கலை வக்கீல்:
அரைத்தானியங்கி என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன்.

நாகர்கோவில் தமிழாசிரியர்:
நான் ஒப்பவில்லை, என் வகுப்பில் தன்னேற்றிதான். இன்னொன்று, எல்லாரும் விசை விசை என்கிறீர்கள். இயற்பியல் பாடத்தில் விசை வேறு ஆயிற்றே? மலையாளத்தில் காஞ்சி என்று தனிச்சொல்லே இருக்கிறது. அதையும் இப்போதே முடிவு செய்துவிடலாம்.