அரசாங்கமே 200 கொடுத்தா, கம்பனிக்கு என்ன பொறுப்பு?

லயத்துக்காரன்:
இலங்கையோட 2026 பட்ஜெட்டுல தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளத்தை 1350 ரூபாயில இருந்து 1550 ஆக்கி, வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் 200 சேர்த்துத் தரும்னு சொன்னாங்க. மொத்தம் 1750. சந்தோசம்தான். ஆனா 2024ல 1700னு வர்த்தமானி (அரசிதழ் அறிவிப்பு) போட்டப்ப தோட்டக் கம்பனிகள் கோர்ட்டுக்குப் போனாங்களே? இப்ப அரசாங்கக் காசு வருதுன்னதும் சத்தம் அடங்கிருச்சு!

ஊவாப்பக்கம்:
அந்த 1700க்கு இடைக்காலத் தடை போட்டது கம்பனி இல்ல தம்பி, உச்ச நீதிமன்றம். 2024 ஜூலை 4. அந்த வர்த்தமானி எப்ப வந்துச்சுன்னு பாருங்க: ஏப்ரல் 30. மறுநாள் மலையகத்துல கொட்டகலை மேதின மேடையில அப்போதைய ஜனாதிபதி ரணில் அறிவிக்கிறார். செப்டம்பர்ல ஜனாதிபதித் தேர்தல். இது சம்பள நிர்ணயமா, பிரசாரமா? தொழில், வியாபாரம் செய்ற சுதந்திரம் அரசியலமைப்பு 14ஆம் உறுப்புரையில இருக்கு. கொழும்பு ஏலத்துல தேயிலை விலையை கம்பனி தீர்மானிக்கிறதில்ல. தோட்ட ஆபிசுல உட்கார்ந்து கணக்கு எழுதுறவன் சொல்றேன்.

லயத்துக்காரன்:
14ஐப் படிச்ச அண்ணன் 15ஐயும் படிக்கணும். தேசிய பொருளாதார நலனுக்காக அந்தச் சுதந்திரத்தைச் சட்டத்தால மட்டுப்படுத்தலாம்னு அதுல இருக்கு. அப்படிப்பட்ட சட்டம்தான் சம்பள நிர்ணய சபைச் சட்டம், 1941லயே வந்தது. 2021ல 1000 ரூபாய் நாட்சம்பளத்தை எதிர்த்தும்தான் கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனாங்க, இடைக்காலத் தடை கிடைக்கல. சம்பளம் கொடுத்தாங்க, தோட்டம் ஒண்ணும் மூடல.

ஊவாப்பக்கம்:
மூடல, ஆனா செடி வயசாகிட்டே போகுது. மறுநடுகைக்குக் காசு எங்க?

தேயிலைத்தூர்:
ரெண்டு அண்ணன்மாரும் உறுப்புரையிலேயே நிக்கிறீங்க. எங்கம்மாவோட சம்பளத் துண்டைப் பார்த்தா வேற கதை. வர்த்தமானி நாளுக்கு இவ்வளவுன்னு சொல்லுது. எத்தனை கிலோன்னு தோட்டம் சொல்லுது. அந்தக் கிலோ வந்தாத்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைஞ்சா அரைப்பேர், அரைநாள் சம்பளம். வெயில் காலத்துல மலை காஞ்சு கிடக்கும், கொழுந்து எங்கிருந்து வரும்? பின்னேரம் நிறுவையில சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு. சங்கமும் கம்பனியும் போடுற கூட்டு ஒப்பந்தம் இருந்தப்ப சங்கமாவது இதைப் பேசும். 2021ல கம்பனிகள் அதுல இருந்து விலகின பிறகு யார் பேசுறது? இப்ப என் கேள்வி: அரைப்பேர் போட்ட நாளுக்கு அந்த 200 முழுசா வருமா?

ஊவாப்பக்கம்:
தங்கச்சி, மூணு கிலோவோட வந்து நிக்கிறவங்களுக்கும் முழுச்சம்பளம் கொடுக்க முடியாது. அதுக்குத்தான் ஆளுக்கு இவ்வளவுன்னு தேயிலைச் செடியைப் பராமரிக்கப் பிரிச்சுக் கொடுத்து, நாட்சம்பளத்துக்குப் பதிலா கொழுந்து கிலோவுக்குக் காசு கொடுக்கலாம்னு கம்பனிகள் கேக்குது. நல்லா எடுக்கிறவங்க கூடுதலா சம்பாதிக்கலாம்.

லயத்துக்காரன்:
அங்கதான் சூட்சுமம். 1550க்கு சேமலாப நிதின்னு, தொழிலாளியோட ஓய்வுகாலச் சேமிப்புக்கு, கம்பனி 12 வீதம், அதாவது 186 ரூபா கட்டணும். செடியைப் பிரிச்சுக் கொடுத்துட்டா அதை வாங்கினவங்க தொழிலாளியே இல்ல, கம்பனி நிதி கட்டவும் வேண்டாம். வர்த்தமானியை எதிர்த்து கோர்ட்டுக்குப் போக வேண்டிய அவசியமே வராது. அவங்க பேர் செக்ரோல்ல (தோட்டத்தோட வருகை, சம்பளப் பதிவேட்டுல) இல்லாட்டி அரசாங்கத்தோட 200ஐ யார் பேருல போடுவீங்க?

ஊவாப்பக்கம்:
அதை அமைச்சுல கேளுங்க. என்கிட்ட இருக்கிறது செக்ரோல் மட்டும்தான்.

தேயிலைத்தூர்:
செக்ரோல் உங்க கையிலயா அண்ணே? அப்ப அரைப்பேர் எழுதுற நாள்ல காரணத்தையும் பக்கத்துல எழுதுங்க. சங்கம் கேக்கிறப்ப காட்டலாம்.