எல்லாருக்கும் மாசாமாசம் பணம் போட்டா பட்டறைக்கு ஆள் வருமா?

பள்ளத்தூரான்:
2023 செப்டம்பர்லேருந்து மகளிர் உரிமைத்தொகை மாசம் ஆயிரம் வருதுல்ல, அதையே ஆம்பள பொம்பள, இருக்கவன் இல்லாதவன்னு பாக்காம எல்லாருக்கும் போட்டா முதலாளித்துவம் தாங்குமா? தாங்கும்ங்கறது என் கட்சி. அமெரிக்காவுல அலாஸ்கா மாநிலத்துல 1982லேருந்து எண்ணெய்ப் பணத்துல ஊருக்கே வருசாவருசம் பங்கு கொடுக்குறாங்க, அங்க வியாபாரம் ஒண்ணும் படுத்துரல.

ஆத்தங்குடி பட்டறை:
தம்பி அவன்கிட்ட எண்ணெய் இருக்கு, நம்மகிட்ட என்ன, வெயிலா? 140 கோடி பேருக்கு மாசம் ஆயிரம்னா வருசத்துக்கு 16.8 லட்சம் கோடி. 2025-26 மத்திய பட்ஜெட்டே 50 லட்சம் கோடி சொச்சம்தான், மூணுல ஒரு பங்கு போச்சு. அது கெடக்கட்டும், எனக்கு ஆள் எங்க வரும்? ஆத்தங்குடி டைல்ஸ் பண்ண கண்ணாடி மேல அச்ச வச்சு ஒவ்வொரு கட்டத்துக்கும் கலர் சிமெண்ட் ஊத்தணும், ஒரு சொட்டு தள்ளி விழுந்தா பூ கெட்டுப்போகும், இதுக்கு இப்பவே பயலுக வர்றதில்ல.

கண்டனூர் ஆச்சி:
எங்க செட்டிநாட்டுப் பக்கம் வீட்டப் பாத்து பணக்காரன்னு முடிவு பண்ணாதீங்க. முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு எல்லாம் இருக்கும், பங்காளிங்க முப்பது பேருக்குப் பங்கு, உள்ள ஒரு அறையில ஒரு அப்பத்தா கஞ்சி வச்சுக் குடிக்கும். அதனாலதான் சலிச்சுப் பாக்காம எல்லாருக்கும் கொடுன்னு கேக்குறது. எங்க நகரத்தார் கோயில்ல கல்யாணமான ஒரு குடும்பத்த ஒரு புள்ளின்னு கணக்கு வச்சு வரி வாங்குவாக, அந்தப் புள்ளி வரியில லட்சாதிபதியும் ஒரு புள்ளி, இல்லாதவனும் ஒரு புள்ளிதானே.

ஆத்தங்குடி பட்டறை:
ஆச்சி புள்ளி வரி வாங்குற கணக்கு, இது குடுக்குற கணக்கு 😀 நம்ம ஆளுக லாபத்துல தர்மத்துக்குன்னு ஒரு பங்கு, மகமை எடுத்து வச்சாங்க, சத்திரம் கட்டுனாங்க, பள்ளிக்கூடம் கட்டுனாங்க. அது போதாதா?

கண்டனூர் ஆச்சி:
மகமை குடுக்குறவுக மனசப் பொறுத்ததுப்பா, யாருக்குன்னும் அவுகதான் முடிவு பண்ணுவாக. வாங்குறவன் கைகட்டி நிக்கணும். பர்மாவுல தொழில் போனப்ப மகமையும் சேந்துதான் வத்திச்சு.

பள்ளத்தூரான்:
சந்தையவே சாமியாக் கும்பிட்ட அமெரிக்கப் பொருளாதார நிபுணர் மில்டன் ஃப்ரீட்மேனே 1962ல, வருமானம் கொறஞ்சவனுக்கு அரசாங்கமே பணம் குடுக்கட்டும்னு எழுதுனாரு. பின்லாந்துல 2017, 18ல ரெண்டாயிரம் பேருக்கு மாசம் 560 யூரோ குடுத்துப் பாத்தாங்க, அதனால வேலைக்குப் போறது ஒண்ணும் கொறையல.

ஆத்தங்குடி பட்டறை:
ஃப்ரீட்மேன் சொன்னது சம்பாத்தியம் ஏற ஏற கொறையுற தொகை, எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்ல. பின்லாந்துல வாங்குனது வேலையில்லாதவங்க மட்டும். ரெண்டையும் கொண்டாந்து இதோட ஒட்டாதீங்க. எல்லார் கையிலயும் ஆயிரம் இருக்குன்னு தெரிஞ்சா காரைக்குடியில வீட்டு வாடகை அடுத்த மாசமே ஏறும், போட்ட காசு வீட்டுக்காரன் பைக்குத்தான் போகும்.

பள்ளத்தூரான்:
வாடகை விசயம் நியாயமான கேள்வி, அதுக்கு எங்கிட்ட நேரான பதில் இல்ல. வீடு கம்மியா இருந்தா ஏறத்தான் செய்யும்.

அச்சு புடிக்கிறவன்:
அண்ணே நான் டைல்ஸ் வேலதான் பாக்குறேன், உங்க பட்டறை இல்ல. ஆயிரத்துக்கு எவனும் வீட்ல உக்கார மாட்டான், அரிசிக்கே சரியாப் போயிரும். ஆனா புள்ளைக்குக் காய்ச்சல், காதுகுத்துன்னா மொதலாளிகிட்ட அட்வான்ஸ் கேக்க மாட்டேன். இப்ப அட்வான்ஸ் நிக்கிதுன்னே கூலி கூட்டிக் கேக்க வாய் வரமாட்டேங்குது, பக்கத்துப் பட்டறையில நூறு ரூவா கூடத் தர்றான், போக முடியல.

ஆத்தங்குடி பட்டறை:
தம்பி உண்மையச் சொல்லணும்னா அட்வான்ஸ் குடுக்கலேன்னா எங்கிட்டயும் பாதிப் பேரு நிக்க மாட்டான்.

பள்ளத்தூரான்:
அப்ப நீங்க பயப்படுறது வேலைக்கு வரமாட்டான்னு இல்லையே அண்ணே, போயிருவான்னுதானே?

ஆத்தங்குடி பட்டறை:
தொட்டியில டைல்ஸ் கல்லு ஊறுது, எடுத்துட்டு வர்றேன்.