அகதா கிறிஸ்டிக்கு ஒரு கூட்டம் தேவையா?

காரைக்குடி வாசகி:
அடுத்த மாத வாசிப்புக் கூட்டத்துக்கு, துப்பறியும் நாவல்கள் எழுதிய இங்கிலாந்துப் பெண் எழுத்தாளர் அகதா கிறிஸ்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். "கொலைக் கதைக்கெல்லாம் ஒரு கூட்டமா, ரயிலில் படித்துவிட்டு இறங்கும்போது விட்டுவிட்டு வருகிற சரக்கு" என்று சிலர் சொல்ல, பேச்சு அதோடு நின்றுவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நம்மூர்க்காரர்கள் அவரைப் படிக்க வேண்டும் என்று நான் நினைக்கக் காரணம் உண்டு. அவர் கதைகளில் கொலை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான் நடக்கிறது, அதுவும் சொத்துக்காக. யார் செத்தால் யாருக்கு என்ன வரும், உயிலை மாற்றச் சொன்னது யார், எந்த மருமகனுக்குக் கடன் இருக்கிறது என்பதையெல்லாம் பைசா சுத்தமாக எழுதிவைக்கிறார். ஒரே வீட்டில் எட்டுப் புள்ளிக்கு, அதாவது எட்டுக் குடும்பத்துக்கு, பங்கு இருந்து, வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கிற வீடுகளுக்கு நடுவில் வாழ்கிற நமக்கு இது புரியாதா?

பள்ளத்தூர் வாத்தியார்:
"ரயில் சரக்கு" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அம்மா கோபித்துக்கொள்ள வேண்டாம், காரணத்தைச் சொல்கிறேன். கிறிஸ்டியின் நாவலில் ஒருவர் விஷம் குடித்துச் சாகிறார். மறுநாள் காலை மற்றவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அழுகிற ஆள் ஒருவர்கூட இல்லை. நம் பக்கம் ஒரு தெருவில் துக்கம் என்றால் பக்கத்து வீட்டிலும் அடுப்பு எரியாது. சாவு என்பது அவருக்குப் புதிர் போட ஒரு சாக்கு, அவ்வளவுதான். இருநூறு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது என்பார்கள். விற்றதை வைத்து எழுத்தை எடைபோட நான் தயாராக இல்லை.

அப்புறம், வேலைக்காரர்களை அவர் காட்டுகிற விதம். மூக்கடைத்த குரலில் உளறுகிற, பயந்து சாகிற பெண்களாகவே பலர் வருகிறார்கள். பழைய நாவல்களில் யூதர்களையும் அயல்நாட்டினரையும் பற்றி வருகிற வரிகளை வகுப்பில் வாய்விட்டுப் படிக்க முடியாது. 1939-ல் வந்த, தீவில் பத்துப் பேர் மாட்டிக்கொள்கிற நாவலுக்கு லண்டனில் வைத்த தலைப்பே கறுப்பின மக்களை இழிவுபடுத்துகிற சொல். அமெரிக்கப் பதிப்பில் 1940-லேயே 'அண்ட் தென் தேர் வேர் நன்' என்று மாற்றினார்கள். இங்கிலாந்தில் 1980-கள் வரை பழைய தலைப்பிலேயே விற்றார்கள்.

புதுவயல் மருந்துக்கடைக்காரர்:
வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். இலக்கியம் எனக்கு அவ்வளவு தெரியாது, மருந்து தெரியும். கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது டார்க்கீ ஊர் மருத்துவமனையில் முதலில் நர்ஸாகவும், பிறகு மருந்து கொடுக்கும் பிரிவிலும் வேலை பார்த்தவர். 1917-ல் அதற்கான தேர்வு எழுதித் தேறினார். அளவு ஒரு புள்ளி தப்பினால் என்ன ஆகும் என்று கையால் கலந்து பார்த்துத் தெரிந்துகொண்டவர்.

அவருடைய முதல் நாவல் 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' 1920-ல் வந்தது. அதில் வருகிற விஷம் ஸ்ட்ரிக்னைன். நம் காடுகளில் வளர்கிற எட்டியின் கொட்டையில் இருக்கிற அதே விஷம்தான். "எட்டி பழுத்தென்ன" என்று நாம் பேச்சில் விட்டுவிடுவோம். அந்த விஷம் ஒரு டானிக் பாட்டிலுக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை வைத்து அவர் ஒரு நாவலையே கட்டினார். படிக்காதவர்களுக்காக அதற்கு மேல் சொல்லவில்லை. இங்கிலாந்தின் மருந்தாளுநர் பத்திரிகையே விஷயம் சரியாக எழுதப்பட்டிருக்கிறது என்று பாராட்டியது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1961-ல் வந்த 'தி பேல் ஹார்ஸ்' நாவலில் தாலியம் என்ற விஷம் வருகிறது. உடம்புக்குள் போனால் வேறு ஏதோ நோய் என்று ஏமாற்றும், ஆனால் முடி கொட்டும். கிறிஸ்டி இறந்ததற்கு மறு வருஷம், 1977-ல், கத்தாரிலிருந்து ஒரு குழந்தையை லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். நோய் என்னவென்று மருத்துவர்களுக்குப் பிடிபடவில்லை. அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த நர்ஸ் ஒருவர், இது தாலியமாக இருக்கலாமே என்றார். சோதித்துப் பார்த்தார்கள், தாலியம்தான். குழந்தை பிழைத்தது. ஐயா, ரயிலில் விட்டுவிட்டு வருகிற சரக்கு இந்த வேலையைச் செய்யுமா?

தேவகோட்டை வக்கீல்:
எழுத்து இருக்கட்டும், கிறிஸ்டி காணாமல் போன அந்த 11 நாளைப் பற்றி யாரும் பேசவில்லையே. 1926 டிசம்பர் 3 இரவு வீட்டைவிட்டுக் கிளம்பினார். கார் மறுநாள் நியூலாண்ட்ஸ் கார்னர் பக்கம் அநாதையாக நின்றது. நாடே தேடியது. ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில், கிறிஸ்டியின் கையுறையை ஆவியுலகத்தோடு பேசுகிற ஒருவரிடம் கொடுத்துக் கேட்டார். 14-ம் தேதி ஹாரோகேட் ஊரில் ஒரு விடுதியில் இருந்தார். பதிவேட்டில் கொடுத்த பெயர் நீல், அதாவது கணவருடைய காதலியின் குடும்பப் பெயர்! ஞாபகம் போய்விட்டது என்று குடும்பம் சொன்னது. ஞாபகம் போனவருக்கு அந்தப் பெயர் மட்டும் எப்படி நினைவில் நின்றது? சுயசரிதையிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. விளம்பரத்துக்காகச் செய்தது என்பதே என் கட்சி.

காரைக்குடி வாசகி:
வக்கீல் அண்ணே, அந்த வருஷத்தை முழுசாகப் பாருங்கள். ஏப்ரலில் தாய் இறந்தார். தாயின் வீட்டில் தனியாக உட்கார்ந்து சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் கணவர் வந்து, இன்னொரு பெண்ணை விரும்புகிறேன், விவாகரத்து வேண்டும் என்கிறார். டிசம்பரில் கிறிஸ்டி உடைந்துபோனார். விளம்பரம் தேவைப்பட்ட நிலையிலும் அவர் இல்லை. அந்த வருஷம் வெளியான 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' ஏற்கெனவே ஊரெல்லாம் பேசப்பட்ட நாவல்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. மகளை வைத்துக்கொண்டு, கையில் பணம் இல்லாமல், எழுத மனமே இல்லாத நிலையில் 'தி மிஸ்டரி ஆஃப் தி ப்ளூ ட்ரெய்ன்' நாவலை எழுதி முடித்தார். அந்த நாவல் அவருக்கே பிடிக்காது. ஆனால் மனம் இல்லாதபோதும் எழுதியாக வேண்டும் என்ற நிலைமை வந்த அன்றுதான் தொழில்முறை எழுத்தாளர் ஆனேன் என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வீட்டைத் தனி ஆளாகத் தூக்கிநிறுத்திய பெண்கள் எத்தனை பேரை நம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம்! அந்த 11 நாளைவிட இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் அவரைக் கும்பிடுவேன்.

பள்ளத்தூர் வாத்தியார்:
அந்த அம்மாளின் பாடு எனக்கும் மனத்தைத் தொடுகிறது. மருந்துக்கடைத் தம்பி சொன்ன குழந்தையின் கதையும் அப்படித்தான். ஆனால் நான் கேட்டதற்கு இது பதிலாகவில்லை. விஷத்தின் அளவு சரி, மனிதனின் அளவு சரியா? அந்தத் தீவு நாவலில் லொம்பார்ட் என்று ஒருவன், கிழக்கு ஆப்பிரிக்காவில் 21 பேரைச் சாகவிட்டுவிட்டுத் தான் தப்பியதைக் கூசாமல் சொல்கிறான். பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் செய்த குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. வெள்ளைக்காரன் யார் உயிரை எண்ணினான், யார் உயிரை எண்ணவில்லை என்பது நமக்குத் தெரியும்.

காரைக்குடி வாசகி:
ஐயா, அந்த லொம்பார்டைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியதே கிறிஸ்டிதான். சட்டம் தொட முடியாத கொலைகாரர்கள் என்ற பட்டியலில் அவன் பெயரும், அந்த 21 பேரின் சாவும் இருக்கின்றன. தலைப்பு இழிவானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

வேலைக்காரப் பெண்ணுக்கு வருகிறேன். 1953-ல் வந்த 'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை' படித்திருக்கிறீர்களா? அநாதை இல்லத்திலிருந்து வந்து, கிறிஸ்டியின் துப்பறியும் கிழவி மிஸ் மார்ப்பிளிடம் வேலை பழகிய கிளாடிஸ் என்ற பெண், ஒரு பணக்கார வீட்டில் வேலை பார்க்கும்போது கொல்லப்படுகிறாள். துணி உலர்த்தும் கொடிப் பக்கம் கிடக்கிற உடம்பில், மூக்கில் துணிமாட்டும் கிளிப்பை மாட்டிவிட்டுப் போகிறான் கொலைகாரன். வீட்டுக்காரர்கள் அவளை மறந்தே போகிறார்கள். செத்தவளை இப்படிக் கேவலப்படுத்தினானே என்ற கோபத்தில்தான் அந்தக் கிழவி ரயிலேறி வருகிறாள். கடைசியில் கிளாடிஸ் அனுப்பிய கடிதம் கைக்கு வரும்போது மிஸ் மார்ப்பிள் கண் கலங்குகிறாள். அழுகிற ஆள் இல்லை என்றீர்களே.

வீட்டு உள்முற்றமான வளவில் சுளகோடு உட்கார்ந்துகொண்டே முகப்பில் யார் வந்தது, யார் குரல் கம்மியது என்று சொல்லிவிடும் என் அப்பத்தா போலத்தான் எனக்கு மிஸ் மார்ப்பிள். கிழவிதானே என்று யாரும் பொருட்படுத்துவதில்லை, அதனால் எல்லாம் அவள் கண்ணில் படுகிறது.

கானாடுகாத்தான் தம்பி:
ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன். இரண்டாவது கணவர் மேக்ஸ் மாலோவன் தொல்லியல்காரர். இராக்கின் பழைய நகரமான நிம்ருதில் தோண்டியெடுத்த தந்தச் சிற்பங்களை கிறிஸ்டி தன் முகத்துக்குப் பூசும் கிரீமை வைத்தே துடைத்துச் சுத்தம் செய்திருக்கிறார். டெவனில் இருக்கிற அவருடைய கிரீன்வே வீட்டைக் குடும்பத்தார் 2000-ல் பழைய வீடுகளைப் பாதுகாக்கிற இங்கிலாந்தின் 'நேஷனல் டிரஸ்ட்' அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்கள், இன்று யாரும் போய்ப் பார்க்கலாம். இங்கே தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் பெயர்த்து விற்பதைப் பார்க்கிறவன் என்பதால் இதைச் சொல்லத் தோன்றியது.

பள்ளத்தூர் வாத்தியார்:
கிளாடிஸ் வருகிற நாவலை நான் படித்ததில்லை. அதையே கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். மற்ற நாவல்களில் சாவு வெறும் புதிராக இருக்கிறது என்ற என் வாதம் அப்படியே நிற்கிறது. தீவு நாவலின் தலைப்பைப் பற்றியும் பேச எனக்குப் பத்து நிமிடம் வேண்டும்.

காரைக்குடி வாசகி:
சரி ஐயா, நீங்களே முதலில் பேசுங்கள். என்னிடம் இருக்கிற பிரதியை மருந்துக்கடையில் கொடுத்துவைக்கிறேன், வேண்டியவர்கள் அங்கே வாங்கிக்கொள்ளலாம். கடைசி அத்தியாயத்தை மட்டும் யாரும் இங்கே எழுதிவிடாதீர்கள்.